ஊத்துக்கோட்டை முதல் காளத்தி வரை: எல்லைப்புறத்துப் பழைய ஊர்களை எப்படிப் பார்ப்பது?

சத்தியவேடு வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் ஸ்ரீசிட்டித் தொழில் நகரத்தில் வேலை பார்ப்பதால் ஆந்திர எல்லையில் உள்ள சத்தியவேட்டில் குடியிருக்கிறோம். வருகிற தை மாதத்தில் கும்பகோணத்திலிருந்து என் அப்பாவும் அம்மாவும் வந்து எங்களோடு தங்கப்போகிறார்கள். அப்பா அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காவிரிக் கரையில் அவர் பார்க்காத சோழர் கோயில் அநேகமாக இல்லை. ஒரு தூணைப் பார்த்தால் அதன் உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையைக் கொண்டே காலம் சொல்லக்கூடிய அளவுக்கு ஈடுபாடு உள்ளவர்.

இங்கே யாரிடம் கேட்டாலும், ‘காலையில் திருப்பதி, மாலையில் காளத்தி (ஸ்ரீகாளஹஸ்தி), இரவு வீடு’ என்றே வழி சொல்கிறார்கள். வரிசையில் நின்று கும்பிட்டுத் திரும்புவதற்கு மட்டும் அவர்களை அழைத்துச் செல்ல எனக்கு மனம் இல்லை. இந்தப் பகுதியில் பழமை குலையாமல் இருக்கும் சிற்றூர்கள் எவை, அவற்றை எந்த வரிசையில், எந்த நேரத்தில் பார்ப்பது நல்லது என்று இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, மலையேற முடியாது.

புத்தூர் ஆசிரியர் எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்ட கேள்வியை இங்கே குடியிருப்பவர்களே கேட்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். ஆகையால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் தங்கும் இடம். திருப்பதியில் அறை எடுக்காதீர்கள். புத்தூரிலோ நாராயணவனத்திலோ தங்குங்கள். அரக்கோணம், திருத்தணி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், ரேணிகுண்டா என்று செல்லும் ரயில் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஊத்துக்கோட்டைச் சாலையும் இங்கேதான் வந்து சேர்கிறது. எலும்பு முறிவுக்குப் ‘புத்தூர்க் கட்டு’ போட்டுக்கொள்ளத் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்துபோகும் ஊர் என்பதால், வெளியூர்க்காரர்களைத் தங்கவைத்து இங்கே பழக்கம் உண்டு. அறைகள் எளிமையானவைதாம், ஆனால் அதிகாலையில் எழுந்து கால் மணி நேரத்தில் ஒரு பழைய ஊருக்குள் போய் நிற்க முடியும் என்பது பெரிய வசதி.

அடுத்தது வெயில். கத்திரி வெயிலில் 40 பாகையைத் தாண்டும் பகுதி இது. தையில் அத்தனை கடுமை இல்லை. இருந்தாலும் பதினொரு மணிக்கு மேல் வயதானவர்கள் வெறுங்காலோடு கற்தரையில் சுற்றிவர முடியாது. தவிர, பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும். ஆகவே காலையில் ஓர் ஊர், மாலையில் ஓர் ஊர், இடையில் சாப்பாடும் உறக்கமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஆறு ஊர்களைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் உண்மையில் ஆறு வாகன நிறுத்தங்களைத்தான் பார்த்திருப்பார்கள்.

இனி ஊர்கள். ஊத்துக்கோட்டையைத் தாண்டியவுடன் ஆரணியாற்றங்கரையில் சுருட்டப்பள்ளி வரும். சிவன் பள்ளிகொண்ட கோலத்தில், அம்மையின் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும் கோயில் அது. ஆலகால நஞ்சு உண்ட களைப்பில் சாய்ந்தார் என்பது தலவரலாறு. பிரதோஷ நாளில் நெரிசல் மிகுதி; வேறு நாளில் போங்கள்.

அதற்கு அடுத்து நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாம்பாவின் பெயரால் அமைத்த ஊர். வேதநாராயணர் மச்சாவதாரக் கோலத்தில் மேற்கு நோக்கி நிற்கிறார். மார்ச் மாதக் கடைசியில் மாலை வெயில் வாயில்களையெல்லாம் கடந்து வந்து, முதல் நாள் பாதத்திலும் அடுத்த நாள் உந்தியிலும் மூன்றாம் நாள் திருமுடியிலும் விழும். நீங்கள் தையில் வருவதால் அது கிடைக்காது. ஆனாலும் மாலை நேரத்திலேயே அங்கே போங்கள். அந்த வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எவ்வளவு துல்லியமாக நேர்கோட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை மேற்கு வெளிச்சத்தில்தான் உணர முடியும். வெளிச்சுற்றில் மேல்நிலைகள் எழுப்பப்படாமல் கல்வேலையோடு நின்றுபோன கோபுரங்களை உங்கள் அப்பா கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு கோபுரத்தின் கல் அதிட்டானம், அதாவது அடித்தளம், எப்படி அடுக்கப்பட்டது என்பதை மேலே சுதை மறைக்காமல் காட்டும் இடம் அது.

நாகலாபுரத்துக்கும் பிச்சாட்டூருக்கும் இடையில் சாலையை விட்டு உள்ளே போனால் ராமகிரி. வாலீசுவரர் கோயிலும் காலபைரவர் சன்னதியும் மலையடிவாரத்தில் இருக்கின்றன. பழைய பெயர் திருக்காரிக்கரை. கோயிற்குளத்தில் ஒரு கல் நந்தியின் வாயிலிருந்து மலையூற்று நீர் ஆண்டு முழுவதும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஊர்ப் பெண்கள் காலையில் குடத்தோடு வந்து அந்த நீரை எடுத்துப் போவார்கள். அவர்கள் எடுத்து முடிக்கும்வரை படியில் உட்கார்ந்திருங்கள். கோயில் அவர்களுடைய அன்றாடத்தோடு எப்படிக் கலந்திருக்கிறது என்பது அப்போது விளங்கும்.

நாராயணவனம் எங்களுக்கு அடுத்த ஊர். ஆகாசராசன் மகள் பத்மாவதிக்குத் திருமணம் நடந்த இடம் என்று சொல்லப்படும் கல்யாண வெங்கடேசுவரர் கோயில் அங்கே உள்ளது. தேர் வீதிகளைச் சுற்றி நடந்தால் ஓட்டு வீடுகளும் திண்ணைகளும் இன்னும் சில மீந்திருப்பதைக் காணலாம்.

சென்னை ஓட்டுநர் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆயினும் மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பயணிகளை ஏற்றிச் செல்லும் தொழிலில் நெடுங்காலம் இருப்பவன் நான். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை எளிமையான விடுதியில் தங்கவைத்தால் அவர்கள் முதலில் கேட்பது மேல்நாட்டுக் கழிப்பறை. அது இல்லை என்றால் மறுநாள் எந்தச் சிற்பமும் அவர்கள் கண்ணில் படாது. சத்தியவேட்டிலேயே வீடு இருக்கும்போது ஊத்துக்கோட்டைச் சாலையில் உள்ள ஊர்களை வீட்டிலிருந்தே போய்வரலாம். கோயிலுக்குக் கோயில் கழிப்பறை வசதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள் என்பதும் என் வேண்டுகோள். பயணம் பற்றி எழுதுகிறவர்கள் இதை எழுதுவதே இல்லை.

கல்லெழுத்து எழுதியது:

ஓட்டுநர் நண்பர் சொன்னது முற்றிலும் சரி. தங்குமிடத்தை அப்படியே அமைத்துக்கொள்ளலாம். நான் வேறு ஒன்றைச் சொல்ல வருகிறேன்.

அம்மா, உங்கள் தந்தையார் கும்பகோணத்துக்காரர் என்று படித்தவுடன் எனக்குத் தோன்றிய ஊர் தொண்டமநாடு. காளத்திக்கு அருகில் இருக்கிறது. காவிரியின் இரு கரைகளிலும் சிவனுக்குக் கற்கோயில்கள் எடுத்ததாக அன்பில் செப்பேடு யாரைப் புகழ்கிறதோ, அந்த முதலாம் ஆதித்த சோழன் இறந்தது காவிரிக் கரையில் இல்லை, இந்த வடவெல்லையில். தொண்டமநாட்டின் பழைய பெயரைக் கொண்டு, அங்கே உயிர்நீத்த அரசர் என்ற பொருளில் ‘தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்’ என்றே கல்வெட்டுகள் அவனைக் குறிக்கின்றன. அவன் மகன் முதலாம் பராந்தகன் தந்தைக்கு அங்கே பள்ளிப்படை என்னும் நினைவுக் கோயில் எடுத்தான். கோதண்டராமேசுவரம், ஆதித்தேசுவரம் என்ற பெயர்கள் அதற்கு வழங்கின. திருப்புறம்பியப் போரைப் பற்றியும், விசயாலயன் தஞ்சையைப் பிடித்ததைப் பற்றியும் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த ஒருவர், அந்தக் கதையின் அடுத்த அரசன் எங்கே அடங்கினான் என்று பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது என்று நான் மனமார நினைக்கிறேன்.

இதே போல இன்னொன்றும் உண்டு. சித்தூர்ப் பக்கம் போக முடிந்தால், எல்லைக்குத் தமிழ்நாட்டுப் புறம் பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி இருக்கிறது. ‘ஆற்றூர்த் துஞ்சின’ அரிஞ்சய சோழனுக்கு அவன் பேரன் முதலாம் இராசராசன் எடுத்த பள்ளிப்படை அது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் தன் பாட்டனுக்காகக் கட்டிய கோயில் எவ்வளவு சிறியது, எவ்வளவு அடக்கமானது என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும்.

இனி குடிமல்லம். இந்த இழையில் இதுவரை யாரும் அதைச் சொல்லாதது எனக்கு வியப்பு. ரேணிகுண்டாவிலிருந்து ஏர்ப்பேடு போகும் வழியில், பாப்பாநாயுடுபேட்டைக்குப் பக்கத்தில், சுவர்ணமுகி ஆற்றையொட்டி உள்ள சிற்றூர். பரசுராமேசுவரர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கருவறை பின்புறம் வளைந்த தூங்கானை மாட அமைப்பு. அதன் தரை முன்மண்டபத்தை விடத் தாழ்ந்திருப்பதால் படியிறங்கித்தான் பார்க்க வேண்டும். உள்ளே ஏறக்குறைய ஐந்தடி உயரமுள்ள இலிங்கம். அதன் முன்பக்கத்தில் சிவன் இரண்டே கைகளோடு, ஒரு குள்ள உருவத்தின் தோள்மேல் நிற்கிறார். வலக்கை ஓர் ஆட்டின் பின்னங்கால்களைப் பிடித்திருக்க, ஆடு தலைகீழாகத் தொங்குகிறது. இடக்கையில் சிறு கலம். இடத்தோளில் மழு சாய்ந்திருக்கிறது. இடையில் கட்டிய மெல்லிய துணியின் மடிப்புகள் வரை கல்லில் தெரிகின்றன. இதன் காலத்தை கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து கி.மு. 1ஆம் நூற்றாண்டு வரை அறிஞர்கள் பலவாறாகக் கணிக்கிறார்கள். இன்று வழிபாட்டில் இருக்கும் இலிங்கங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. து.அ. கோபிநாத ராவ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை உலகறியச் செய்தார். கோயிலின் கல்வெட்டுகள் பல்லவர், சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள்.

ஒரே ஒரு வேண்டுகோள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக விபூதியையோ மாவையோ கல்வெட்டின்மேல் தேய்க்காதீர்கள். அது எழுத்தின் விளிம்பை அரிக்கும். கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து தானாகவே எழும்பித் தெரியும்.

காளத்திக் கலம்காரி எழுதியது:

கல்லைப் பற்றி மட்டும் பேசுகிறீர்களே என்றுதான் இதை எழுதுகிறேன். ஊர்கள் பழமையானவை என்றால் அங்கே நடக்கும் தொழில்களும் பழமையானவைதாமே?

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் துணியில் எழுதுகிறோம். காளத்திக் கலம்காரியில் அச்சுக்கட்டை கிடையாது; மூங்கில் குச்சியின் முனையில் கம்பளி நூலைச் சுற்றிய கலம் ஒன்றுதான். வெளுக்காத கோராத் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்போம். கடுக்காய் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். கறுப்பு மைக்குத் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லம் கரைத்த நீரில் ஊறப்போட்டு வாரக்கணக்கில் புளிக்க விடுவோம். எழுதும்போது அந்த மை வெளிறிய தேநீர் நிறத்தில்தான் இருக்கும்; துணியில் உள்ள கடுக்காயைத் தொட்டவுடன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துப்போகும். வருகிறவர்கள் எல்லாரும் அந்த நொடியில் ஒரு சத்தம் போடுவார்கள். படிகாரம் இட்ட இடம் மட்டும் சிவப்பு ஏற்கும். ஒவ்வொரு நிறத்துக்குப் பிறகும் ஓடும் நீரில் அலச வேண்டும். சுவர்ணமுகியில் நீர் ஓடும் நாள்கள் குறைந்துவிட்டது எங்களுக்குத் தொழில் சிக்கலாகிவிட்டது.

கடைவீதியில் கலம்காரி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இயந்திர அச்சு. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கோடுகள் எல்லாம் ஒரே அழுத்தத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கையால் எழுதியதில் கலம் மையை விடும் இடத்திலும் மை தீரும் இடத்திலும் கோடு தடித்தும் மெலிந்தும் போகும்.

குடிமல்லத்துக்குப் போகிறவர்கள் பாப்பாநாயுடுபேட்டையிலும் விசாரியுங்கள். உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயில் சுற்றி உலைக்குள் வைத்து, மறுபுறம் ஒருவர் நின்று உள்ளே துளையுள்ள கண்ணாடி நூலாக அதை இடைவிடாமல் இழுப்பார். அந்த நூலை நறுக்கிச் சாம்பலோடு மறுபடி சூடாக்கினால் மணி. பாண்டிச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த அதே இழுப்பு முறை இந்த ஒரு ஊரில் தொடர்ந்து வந்திருக்கிறது. உலைகள் மிகவும் குறைந்துவிட்டன. போகும் நாளில் எரியுமா என்று ஊரில் கேட்டுக்கொண்டு போங்கள்.

நகரிக்காரன் எழுதியது:

மொழி பற்றி ஒரு சொல். பெயர்ப்பலகைகளும் பேருந்துப் பலகைகளும் தெலுங்கில்தான் இருக்கும். கிராமத்துக்குப் போகும் ‘பல்லெ வெலுகு’ பேருந்தில் ஏறும்போது நடத்துநரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும். நகரி, புத்தூர், நாகலாபுரம், சத்தியவேடு எங்கும் இரண்டும் கலந்த பேச்சுதான். எங்கள் வீட்டில் பாட்டி தமிழில் திட்டுவார், அம்மா தெலுங்கில் சமாதானம் செய்வார். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது மாநில எல்லைக்கோடு பொன்பாடிக்கு அருகில் விழுந்தது. கோட்டுக்கு இருபுறமும் உறவு முறை அப்படியேதான் இருக்கிறது. ஆகவே உங்கள் பெற்றோர் அயலூருக்கு வந்ததாக எண்ண வேண்டியதில்லை.

சத்தியவேடு வாசகி எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. தொண்டைமானாற்றூர் பற்றித் தொலைபேசியில் சொன்னபோது அப்பா வெகுநேரம் பேசினார். பள்ளிப்படையை இந்தப் பயணத்தின் முதல் நோக்கமாகவே வைத்துக்கொண்டுவிட்டார். இரண்டு ஐயங்கள். குடிமல்லத்தில் படியிறங்குவது அப்பாவுக்கு முடியுமா? கோயில்களைப் புதுப்பிப்பதாகச் சொல்லிப் பழைய கற்களின்மேல் வண்ணம் பூசியிருப்பதைக் கும்பகோணத்தில் பார்த்து அவர் மிகவும் மனம் நொந்திருக்கிறார். இங்கேயும் அப்படி உண்டா?

கல்லெழுத்து எழுதியது:

குடிமல்லத்தில் படிகள் சிலவே. ஒருவர் கைகொடுத்தால் இறங்கிவிடலாம். முடியாவிட்டால் முன்மண்டபத்திலிருந்தும் இலிங்கத்தின் முன்பக்கம் தெரியும். காலையிலேயே போங்கள், கூட்டம் இல்லாதபோது அருச்சகர் பொறுமையாக விளக்கு காட்டுவார். கருவறைக்குள் படம் எடுக்கக் கைப்பேசியை நீட்ட வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு, உண்டு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் சுற்றில் உள்ள ஒரு கோயிலில் மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்ததில், நான் முன்பு படியெடுத்த ஒரு கல்வெட்டின் கடைசி வரிகள் அடையாளம் தெரியாமல் போனதைக் கண்டு மனம் பதைத்தேன். ஆயிரம் ஆண்டு மழைக்கும் வெயிலுக்கும் தாங்கிய எழுத்து அது.

புத்தூர் ஆசிரியர் எழுதியது:

கல்லெழுத்தாரின் வேதனை எனக்கும் உண்டு. ஆனால் ஊர்க்காரர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கும்பாபிஷேகத்துக்குப் பணம் சேர்த்துக் கொடுக்கும் கூலிக்காரரும் பூக்கட்டும் பெண்ணும் கோயில் பளிச்சென்று இருப்பதைத்தான் மரியாதை என்று நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தில் அன்பு இருக்கிறது. கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது, அவர்களுடைய ஊரின் பெயர் அதில் எப்படி வருகிறது, எந்த ஏரிக்கு யார் நிலம் கொடுத்தார்கள் என்று அவர்களிடம் படித்துக் காட்டினால், அடுத்த முறை மணல் பீய்ச்ச வருபவரை அவர்களே நிறுத்துவார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் படம் எடுத்துப் போவதோடு நிற்காமல் பத்து நிமிடம் அதற்குச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் அப்பாவைப் போன்றவர்களால் இது முடியும், அம்மா.

கல்லெழுத்து எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. உங்கள் தந்தையார் வரும் நாளைத் தெரிவித்தால், தொண்டமநாட்டில் நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன்; அங்குள்ள கல்வெட்டுகளின் அச்சிட்ட பாடத்தைக் கொண்டுவருகிறேன்.

சத்தியவேடு வாசகி எழுதியது:

இதை விடப் பெரிய உதவி எங்களுக்கு இல்லை, ஐயா. இப்போதைக்குத் திட்டம் இது. புதன் மாலை வீட்டிலிருந்து புறப்பட்டுச் சுருட்டப்பள்ளி, நாகலாபுரம். இரவு வீட்டுக்கே திரும்பிவிடுவோம். வியாழன் காலை ராமகிரி, மாலை நாராயணவனம், இரவு புத்தூரில் தங்கல். மேல்நாட்டுக் கழிப்பறை உள்ள அறை ஒன்றைத் தொலைபேசியில் உறுதி செய்துகொண்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை சந்திரகிரிக் கோட்டை. சனிக்கிழமை குடிமல்லம், தொண்டமநாடு, மாலையில் காளத்தி. மேல்பாடியை அவர்கள் ஊர் திரும்பும் வழியில் வைத்துக்கொள்கிறோம்.

காளத்திக் கலம்காரி எழுதியது:

அக்கா, வெள்ளியையும் சனியையும் மாற்றிக்கொள்ளுங்கள். சந்திரகிரி ராஜமகாலில் இருப்பது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மரமே சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து மட்டும் கொண்டு எழுப்பிய மூன்றடுக்கு மாளிகையை வெளியிலிருந்து மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். விசயநகர அரசர்களின் கடைசிக் காலத்துத் தலைநகர் அது. 1639இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார்க்குச் சென்னையில் கோட்டை கட்ட இடம் கொடுத்த வெங்கடப்ப நாயக்கர் அவர்களுக்கு உட்பட்டவர்தாம். ஆகவே சென்னையின் கதையும் அங்கே கொஞ்சம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊருக்கு வரும்போது இராகு காலமாகிய பத்தரை முதல் பன்னிரண்டு வரை கோயில் பக்கம் வராதீர்கள். இராகு கேது பூசைக்கு வருகிறவர்களால் நிற்க இடம் இராது. மாலை நான்கு மணிக்கு மேல் வாருங்கள். சம்பந்தர் கேதாரத்தையும் கோகர்ணத்தையும் இங்கிருந்தபடியே பாடினார் என்று பெரியபுராணம் சொல்வதை உங்கள் அப்பா அறிந்திருப்பார். 1516இல் கிருஷ்ணதேவராயர் எடுத்த கோபுரம் 2010 மே 26 அன்று விழுந்துவிட்டது. இப்போது நிற்பது அதே இடத்தில் எழுப்பிய புதியது. தரிசனம் முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அன்றைக்கு மை போடும் வேலையை மாலைக்கு வைத்துக்கொள்கிறேன்.